காணாமல் போன இன்ஜினியரிங் மாணவன்: நிக்கோலா டெஸ்லா



எந்தக் காலேஜ் சிம்போசியத்துக்குப் போனாலும் ஒரு மேஜையில் கட்டாயம் ஒரு ட்ரோன் இருக்கும். நாலு மோட்டார், ஒரு பேட்டரி, ஒரு ஃப்ளைட் கன்ட்ரோலர், கீழே ஒரு கேமரா. பக்கத்தில் ஒட்டியிருக்கும் சார்ட்டில் பயன்கள் என்று ஒரு பட்டியல் இருக்கும். விவசாயம், சர்வே, கண்காணிப்பு, கல்யாண வீடியோ. கடைசி வரியில் தேடுதல் மற்றும் மீட்பு. பார்த்திருப்பீங்க, நீங்களே எழுதியும் இருப்பீங்க.

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இருக்கிற நமக்கு அந்தக் கடைசி வரி சும்மா இடத்தை நிரப்ப எழுதுற வரி இல்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்ததும் போகாமல் நம்ம தலைக்கு மேலேயே நின்று கொட்டியது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. அடுத்து சாத்தனூர் அணையில் இருந்து ஒரு லட்சத்து அறுபதாயிரம் கன அடிக்கு மேல் தண்ணீர் திறந்துவிட, தென்பெண்ணை கரை தாண்டி ஊருக்குள் வந்தது. அரசூர் பக்கம் தேசிய நெடுஞ்சாலையே தண்ணீருக்குள். விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறியதால் ரயில்கள் நின்றன. அந்த ரெண்டு நாளில் எத்தனை வீட்டில் போனைக் கையில் வைத்துக்கொண்டு, லைன் கிடைக்காமல், ஆள் எங்கே இருக்கிறார் என்றே தெரியாமல் தவித்தார்கள் என்பது இந்த மாவட்டத்துக்காரங்களுக்குத் தெரியும்.

அந்தக் கடைசி வரிக்குச் சொந்தக்காரர் ஒருத்தர் இருக்கிறார். ஆளில்லாத ஒரு வண்டியை ரேடியோ அலையால் ஓட்ட முடியும் என்று 1898-லேயே செய்து காட்டியவர். பேர் உங்களுக்குத் தெரிஞ்சதுதான்: நிக்கோலா டெஸ்லா. கார் கம்பெனி அவர் பேரில் இருக்கு, காந்தப்புல அலகும் அவர் பேரில் இருக்கு. ஆனால் அவரும் நம்மை மாதிரி ஒரு இன்ஜினியரிங் மாணவராக இருந்தார், படிப்பை முடிக்கவில்லை, ஒரு நாள் யாரிடமும் சொல்லாமல் காணாமலும் போனார். அந்தக் கதை சார்ட்டில் வராது. அதனால் இங்கே எழுதுறோம்.

அணையில் சிக்கிய பையன்

டெஸ்லா பிறந்தது 1856 ஜூலை 10. ஊர் பேர் ஸ்மில்யான். இன்றைய குரோஷியாவில் இருக்கிறது, அன்று ஆஸ்திரியப் பேரரசின் எல்லைக் கிராமம். அப்பா மிலுட்டின் ஒரு செர்பிய ஆர்த்தடாக்ஸ் பாதிரியார். அம்மா ஜூகா பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் நீண்ட கதைப்பாடல்களை மனப்பாடமாக ஒப்பிப்பார், வீட்டு வேலைக்கு வேண்டிய சின்னச் சின்னக் கருவிகளைத் தானே செய்துகொள்வார். எதையாவது செய்து பார்க்கும் புத்தி தனக்கு அம்மாவிடம் இருந்துதான் வந்தது என்று டெஸ்லா கடைசி வரை நம்பினார்.

ஐந்து பிள்ளைகளில் இவர் நான்காவது. அண்ணன் டானே ரொம்பக் கெட்டிக்காரன் என்று வீட்டில் எல்லோருக்கும் பெருமை. அந்த அண்ணன் குதிரை விபத்தில் இறந்துபோனான். அதற்குப் பிறகு தம்பி என்ன சாதித்தாலும் அண்ணன் இருந்திருந்தால் என்ற ஒப்பீடு வீட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. நம்ம வீடுகளிலும் இந்த ஒப்பீடு எப்படி வேலை செய்யும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

பள்ளிப் பருவத்தில் நடந்த ஒரு சம்பவத்தை டெஸ்லா தன் சுயசரிதைக் கட்டுரைகளில் எழுதியிருக்கிறார். ஆற்றில் ஒரு மாவு மில், அதற்காக ஒரு தடுப்பணை. அணைக்கு மேல் வழக்கமாக ரெண்டு மூணு அங்குலம்தான் தண்ணீர் வழியும். அதனால் அது வரைக்கும் நீந்திப் போவது அவருக்குச் சாதாரணம். ஒரு நாள் தனியாக இறங்கியவர், அணையை நெருங்கும்போதுதான் தண்ணீர் ஏறியிருப்பதைப் பார்த்தார். திரும்ப முடியவில்லை. இழுத்துக்கொண்டு போன வேகத்தில் அணைச் சுவரை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தொங்கினார். தண்ணீர் நெஞ்சில் அழுத்துகிறது. கத்தினால் தண்ணீர் இரைச்சலில் யாருக்கும் கேட்காது. கேட்பதற்குக் கரையில் ஆளும் இல்லை.

கை நழுவப்போகிற நேரத்தில் பாடத்தில் படித்த ஒன்று ஞாபகம் வந்தது. ஓடும் நீரின் அழுத்தம் எவ்வளவு பரப்பில் படுகிறதோ அதற்கேற்பத்தான் விசையும் இருக்கும். உடம்பை இடது பக்கமாகத் திருப்பினார். தண்ணீருக்கு முகம் கொடுக்கும் பரப்பு குறைந்தது, பிடி நின்றது. அப்படியே மெல்ல மெல்ல நகர்ந்து கரைக்கு வந்து சேர்ந்தார். இடது பக்கத் தோல் உரிந்து, சில வாரம் காய்ச்சலில் கிடந்தார். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் எதற்குப் பயன்படும் என்று கேட்கிற நண்பனுக்கு இதைச் சொல்லுங்க.

இந்தச் சம்பவத்தில் முக்கியமானது ஒன்று உண்டு. அவருக்கு உதவ யாரும் மறுக்கவில்லை. அவர் அங்கே சிக்கியிருப்பது யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவுதான். வெள்ளத்தில் பாதிப் போராட்டம் படகுக்காக இல்லை, இருக்கும் படகை எங்கே அனுப்புவது என்று தெரிவதற்காக.

கிராட்ஸில் ஒரு டாப்பர்

கார்லோவாட்ஸ் நகரில் நாலு வருஷப் படிப்பை மூணு வருஷத்தில் முடித்துவிட்டு 1873-ல் ஊர் திரும்பியவரைக் காலரா பிடித்தது. ஒன்பது மாதம் படுக்கை. அப்பாவுக்கு மகனைப் பாதிரியார் ஆக்க வேண்டும் என்று ஆசை. மகனுக்கோ இன்ஜினியரிங். பிழைத்து எழுந்தால் நல்ல இன்ஜினியரிங் கல்லூரிக்கே அனுப்புகிறேன் என்று அப்பா வாக்குக் கொடுத்தார். பையன் எழுந்துவிட்டான்.

1875-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் உள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் உதவித்தொகையோடு சேர்ந்தார். முதல் வருஷம் ஒரு வகுப்பையும் விடவில்லை. எழுத வேண்டியதைப்போல் கிட்டத்தட்ட ரெண்டு மடங்குத் தேர்வுகள் எழுதி, எல்லாவற்றிலும் உயர்ந்த மதிப்பெண். அதிகாலையில் இருந்து நள்ளிரவு வரை படிப்பு. இப்படியே போனால் பையன் செத்துப்போவான் என்று ஆசிரியர்கள் அப்பாவுக்குக் கடிதம் எழுதினார்கள் என்றால் பார்த்துக்கோங்க.

அந்தக் கல்லூரியில்தான் ஒரு கிராம் டைனமோவைப் பார்த்தார். அதில் கம்யூட்டேட்டரில் பிரஷ் உரசி ஏகப்பட்ட தீப்பொறி. கம்யூட்டேட்டரே இல்லாமல் மோட்டார் செய்ய முடியாதா என்று கேட்டார். பேராசிரியர் பெஷ்ல் அது நடக்கவே நடக்காது என்று ஒரு முழு வகுப்பு எடுத்து விளக்கினார். மாணவர் வாயை மூடிக்கொண்டார், ஆனால் கேள்வியை விடவில்லை.

மூர் நதி

அதற்குப் பிறகு வண்டி தடம் புரண்டது. உதவித்தொகை நின்றது. சீட்டு, பில்லியர்ட்ஸ், சூதாட்டம். படிப்புச் செலவுக்கு வைத்திருந்த பணம் மேஜையில் போனது. மூன்றாம் வருஷத் தேர்வுக்குத் தயாராகவே இல்லை. அவகாசம் கேட்டார், கிடைக்கவில்லை. முதல் வருஷ டாப்பர், பட்டம் இல்லாமல் வெளியே நின்றார்.

1878 டிசம்பரில் கிராட்ஸை விட்டுப் போய்விட்டார். வீட்டுக்கும் சொல்லவில்லை, நண்பர்களுக்கும் சொல்லவில்லை. படிப்பு போன விஷயம் வீட்டுக்குத் தெரியக்கூடாது, அதுதான் காரணம். ஊருக்கு நடுவே மூர் நதி ஓடுகிறது. கூடப் படித்தவர்கள், பையன் ஆற்றோடு போய்விட்டான் என்றே முடிவு கட்டிவிட்டார்கள்.

உண்மையில் அவர் இன்றைய ஸ்லோவேனியாவில் இருக்கும் மாரிபோர் என்ற ஊரில் இருந்தார். மாசம் 60 ஃப்ளோரின் சம்பளத்தில் வரைபடம் போடும் வேலை, ஓய்வு நேரத்தில் சீட்டாட்டம். கிராட்ஸில் இருந்து அந்த ஊர் ரொம்பத் தூரமெல்லாம் இல்லை. பழைய நண்பர் ஒருத்தர் தற்செயலாகப் பார்த்ததால்தான் தகவல் வீட்டுக்குப் போனது. 1879 மார்ச்சில் அப்பா தேடிக்கொண்டு வந்தார். திரும்பி வா, வேறு ஊரில் படிப்பைத் தொடரலாம் என்று கெஞ்சினார். மகன் வரவில்லை. அப்பா தனியாகத் திரும்பினார். சில நாளில், தங்க அனுமதிச் சீட்டு இல்லை என்று போலீஸ் பிடித்து, மார்ச் 24 அன்று காவலோடு கோஸ்பிச்சில் இருந்த வீட்டில் கொண்டுவந்து விட்டது. ஏப்ரல் 17-ல் அப்பா இறந்தார். நடுவில் மூணு வாரம்தான்.

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிறுத்திப் படிங்க. காணாமல் போகிறவர்கள் எல்லோரும் வெள்ளத்திலும் காட்டிலும் காணாமல் போவதில்லை. ரிசல்ட் வந்த ராத்திரியில், அரியர் எண்ணிக்கையை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பஸ் ஏறிப் போகிறவர்களும் காணாமல் போனவர்கள்தான். அவர்களைத் தேட எந்தத் தெர்மல் கேமராவும் உதவாது. பக்கத்து ரூம் நண்பன் ஒரு போன் போட்டால் உதவும்.

டெஸ்லாவை மீட்டதும் அப்படி ஒரு ஆள்தான். சூதாட்டப் பழக்கம் விடாத ஒரு நாளில் அம்மா ஜூகா திட்டவில்லை. கையில் இருந்த பணத்தை எடுத்துக் கொடுத்து, எல்லாவற்றையும் சீக்கிரம் தோற்றுவிட்டு வா, அப்போதுதான் இது உன்னை விட்டுப் போகும் என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். அன்றோடு அந்தப் பழக்கம் போனது என்று டெஸ்லாவே எழுதியிருக்கிறார்.

மணலில் வரைந்த மோட்டார்

1880-ல் மாமாக்கள் பணம் போட்டு பிராக் நகருக்கு அனுப்பினார்கள். முறைப்படி சேர முடியவில்லை, வகுப்புகளைச் சும்மா உட்கார்ந்து கேட்டார். 1881-ல் புடாபெஸ்ட் தொலைபேசி நிலையத்தில் வேலை. 1882 பிப்ரவரியில் நண்பர் ஒருவரோடு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது, கிராட்ஸில் விடாமல் வைத்திருந்த கேள்விக்கு விடை கிடைத்தது. ஒரு குச்சியை எடுத்து மணலில் வரைந்து காட்டினார். ஒன்றுக்கொன்று கட்டம் தள்ளி வரும் மாறுமின்னோட்டங்களைச் சுருள்களில் விட்டால் காந்தப்புலம் தானே சுழலும். அந்தப் புலம் ரோட்டரை இழுத்துக்கொண்டு சுற்றும். கம்யூட்டேட்டரும் வேண்டாம், பிரஷும் வேண்டாம்.

ட்ரோன் செய்கிற நண்பர்களுக்கு இங்கே ஒரு விஷயம். உங்க ட்ரோனில் இருக்கும் பிஎல்டிசி மோட்டாரில் பிரஷ் கிடையாது. ஈஎஸ்சி என்ற சின்னப் போர்டு பேட்டரியின் நேர்மின்னோட்டத்தை மூணு கட்டமாக வெட்டிச் சுருள்களுக்கு அனுப்ப, சுழலும் காந்தப்புலம் பின்னாலேயே ரோட்டரின் நிரந்தரக் காந்தம் ஓடுகிறது. டெஸ்லா வரைந்த மோட்டார் அப்படியே இது இல்லை. ஆனால் அடியில் இருக்கிற சுழலும் புலம் அதேதான்.

பாரிஸில் எடிசன் கம்பெனி, 1884-ல் நியூயார்க். இறங்கியபோது பாக்கெட்டில் நாலு சென்ட் இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். எடிசனிடம் ஆறு மாதம் வேலை, பிறகு சொந்தக் கம்பெனி. பங்காளிகள் கைவிட, ஒரு நாளைக்கு ரெண்டு டாலர் கூலிக்குப் பள்ளம் தோண்டினார். 1888-ல் மோட்டார் காப்புரிமைகள் வந்தன, வெஸ்டிங்ஹவுஸ் வாங்கினார். 1893 சிகாகோ உலகக் கண்காட்சி மாறுமின்னோட்டத்தில் ஒளிர்ந்தது. 1896-ல் நயாகரா அருவியின் மின்சாரம் பஃபலோ நகருக்குப் போனது. இந்தப் பகுதி எல்லோருக்கும் தெரிந்த டெஸ்லா, அதனால் வேகமாகக் கடந்துவிடலாம்.

ஆளில்லாத படகு

1895 மார்ச்சில் அவருடைய ஆய்வகம் தீயில் எரிந்து சாம்பலானது. மறுபடி முதலில் இருந்து தொடங்கினார். இந்த முறை கம்பி இல்லாத சிக்னல். அதே காலத்தில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ், சுவருக்கு அப்பால் ரேடியோ அலையை அனுப்பி மணி அடிக்க வைத்து, வெடிமருந்தைப் பற்ற வைத்துக் காட்டினார். அலையை அனுப்ப முடியும் என்பது தெரிந்துவிட்டது. அதை வைத்து ஒரு வண்டியை ஓட்ட முடியுமா?

1898-ல் நியூயார்க் மாடிசன் சதுக்கத் தோட்டத்தில் நடந்த மின்சாரக் கண்காட்சியில் டெஸ்லா ஒரு தண்ணீர்த் தொட்டி வைத்தார். அதில் சில அடி நீளத்தில் ஒரு இரும்புப் படகு. உள்ளே பேட்டரி, ஓட்டுவதற்கு ஒரு மோட்டார், சுக்கான் திருப்ப இன்னொரு மோட்டார், மேலே விளக்குகளும் ஆன்டெனாக்களும். டெஸ்லா தள்ளி நின்று ஒரு பெட்டியில் உள்ள கைப்பிடியைத் திருப்பினார். படகு கிளம்பியது, திரும்பியது, நின்றது, விளக்கைப் போட்டு அணைத்தது.

பார்த்தவர்களுக்கு நம்ப முடியவில்லை. உள்ளே பழக்கிய குரங்கு உட்கார்ந்திருக்கிறது என்றார்கள் சிலர். மனசாலேயே ஓட்டுகிறார் என்றார்கள் வேறு சிலர். டெஸ்லாவும் கொஞ்சம் விளையாடினார். படகிடம் கேள்வி கேளுங்கள் என்பாராம். 64-ன் கனமூலம் என்ன என்று கேட்டால், விளக்கு நாலு முறை மின்னும். பதில் சொன்னது படகு இல்லை, கைப்பிடியில் இருந்த ஆள்தான்.

உள்ளே வேலை எப்படி நடந்தது? சிக்னலைப் பிடிக்கக் கொஹீரர் என்ற பாகம். உலோகத் துகள் நிரப்பிய ஒரு சின்னக் குழாய்தான் அது. ரேடியோ அலை பட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி மின்சாரத்தை விடும், ரிலே இயங்கும். வேலை முடிந்ததும் குழாயைத் தலைகீழாகப் புரட்டினால் துகள்கள் உதிர்ந்து அடுத்த சிக்னலுக்குத் தயார். ஒவ்வொரு சிக்னலுக்கும் ஒரு தட்டு ஒரு படி நகரும். ஒரு படியில் சுக்கான் இடது, அடுத்த படியில் நேர், அதற்கடுத்து வலது. டிரான்சிஸ்டர் இல்லை, வால்வுகூட இல்லை, புரோகிராம் இல்லை. மைக்ரோகன்ட்ரோலர் வாங்க பட்ஜெட் இல்லை என்று ரிவ்யூவில் சொல்வதற்கு முன் இதை நினைச்சுக்கோங்க.

அடுத்தவர் சிக்னலில் படகு ஓடிவிடக்கூடாது என்றும் யோசித்தார். ரெண்டு வேறு அதிர்வெண்களும் சேர்ந்து வந்தால் மட்டும் இயங்குகிற ஏற்பாட்டுக்கு 1903-ல் காப்புரிமை பெற்றார். டிஜிட்டல் பேப்பரில் நாம் வரைகிற ஆண்ட் கேட்டின் தாத்தா அது என்று சொல்லலாம்.

காப்புரிமையில் முதல் பயன்

படகின் காப்புரிமை எண் 613809. 1898 நவம்பர் 8-ல் கிடைத்தது. காப்புரிமை அலுவலகத்து அதிகாரி நேரில் வந்து படகு ஓடுவதைப் பார்த்த பிறகுதான் நம்பினார் என்று டெஸ்லா எழுதியிருக்கிறார்.

அந்த ஆவணத்தில் இது எதற்கெல்லாம் பயன்படும் என்று ஒரு பட்டியல் வருகிறது. நம்ம சார்ட்டில் வருகிற பட்டியல் மாதிரியேதான். ஆனால் வரிசையைப் பாருங்க. முதலில் வருவது உயிர்காக்கும் படகு. அப்புறம் தபால் படகு, வழிகாட்டிப் படகு. கடிதம், பொட்டலம், உணவுப்பொருள் எடுத்துப் போவது. மனிதர் போக முடியாத இடங்களோடு தொடர்பு ஏற்படுத்தி அங்கே நிலைமை என்ன என்று தெரிந்துகொள்வது. அணைச் சுவரில் தொங்கிய பையன்தான் இதை எழுதினானா என்று அவர் எங்கேயும் சொல்லவில்லை. நாமும் முடிச்சுப் போட வேண்டாம். ஆனால் வெள்ளத்தில் துண்டான ஒரு கிராமத்துக்கு என்னென்ன வேண்டுமோ, அந்தப் பட்டியல் அதில் இருக்கிறது.

அதே வாக்கியத்தின் முடிவில் வேறொன்றும் இருக்கிறது. இதன் மிகப் பெரிய மதிப்பு போரில்தான் தெரியும் என்று டெஸ்லா எழுதினார். இவ்வளவு பயங்கரமான ஆயுதம் எல்லார் கையிலும் வந்துவிட்டால் நாடுகள் பயந்து சண்டையையே நிறுத்திவிடும் என்று அவர் நம்பினார். அமெரிக்கக் கடற்படை அப்போது இதை வாங்கவில்லை. ஆனால் யோசனை அங்கேயே நின்றுவிடவில்லை. அவர் உயிரோடு இருக்கும்போதே ரெண்டு உலகப் போர் வந்தது, ஆளில்லா ஆயுதங்களும் வந்தன. போர் நிற்கவில்லை. இன்று செய்தியில் ட்ரோன் என்று வந்தாலே நமக்கு முதலில் ஞாபகம் வருவது குண்டுதான்.

டெஸ்லாவின் பெரிய தவறு இதுதான் என்று எங்களுக்குத் தோன்றுகிறது. பட்டியலில் முதலில் எழுதிய பயனை அவர் யாரிடமும் கொண்டுபோகவில்லை. ஒரு மீனவர் கிராமத்துக்கோ கலங்கரை விளக்கத்துக்கோ போய், உங்களுக்கு என்ன மாதிரி வேண்டும் என்று கேட்டதாக எந்தப் பதிவும் இல்லை. கண்காட்சி முடிந்ததும் அடுத்த ஆண்டே கொலராடோ போய்விட்டார், இன்னும் பெரிய கனவுக்கு: கம்பியில்லா மின்சாரம். 1901-ல் தொடங்கிய வார்டன்கிளிஃப் கோபுரத்துக்கு ஜே.பி. மார்கன் 1,50,000 டாலர் கொடுத்தார். அதற்கு மேல் கொடுக்கவில்லை. 1917-ல் கோபுரத்தை இடித்துவிட்டார்கள்.

பட்டியலில் முதலில் இருந்தது நடக்க நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 2013 மே மாதம், கனடாவின் சஸ்காச்செவன் மாகாணம். இரவில் கார் கவிழ்ந்து, காயத்தோடு எங்கேயோ நடந்துபோய்விட்ட ஓட்டுநர். கடும் குளிர். ஹெலிகாப்டர் தேடியும் கிடைக்கவில்லை. அவருடைய போன் கடைசியாகக் காட்டிய இடத்துக்குப் போலீஸ் ஒரு சின்ன ட்ரோனை அனுப்ப, அதன் தெர்மல் கேமராவில் ஒரு வெப்பப்புள்ளி தெரிந்தது. ஆள் பிழைத்தார். ட்ரோன் ஒரு உயிரைக் காப்பாற்றிய முதல் சம்பவம் என்று பரவலாகச் சொல்லப்படுவது இதுதான். அடுத்த மாதமே உத்தரகாண்ட் வெள்ளத்தில், நம்ம நாட்டிலேயே செய்த நேத்ரா என்ற ட்ரோன் தேடும் பணியில் இறங்கியது. 2015 சென்னை வெள்ளத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்.ஐ.டி. வளாகத்துக் குழு, சிக்கியவர்களைக் கண்டுபிடிக்கத் தன் ட்ரோன்களைப் பறக்கவிட்டது. 2024 ஜூலையில் வயநாடு நிலச்சரிவிலும் ட்ரோன்கள் தேடின.

அறை எண் 3327

டெஸ்லாவின் கடைசிக் காலம் ஹோட்டல் அறைகளில் கழிந்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பணம் இல்லை, ஒவ்வொரு ஹோட்டலிலும் பாக்கி. புறாக்களுக்குத் தீனி போடுவார். அடிபட்ட புறா கிடைத்தால் அறைக்கு எடுத்துவந்து வைத்தியம் பார்ப்பார். 1937-ல் ஒரு டாக்ஸி மோதியது. அதற்குப் பிறகு உடம்பு பழைய நிலைக்கு வரவில்லை.

1943 ஜனவரி 7 அன்று நியூயார்க்கர் ஹோட்டலில் 33-வது மாடி, 3327-ம் எண் அறையில் இறந்தார். வயசு 86. தொந்தரவு செய்யாதீர்கள் என்ற அட்டையைக் கதவில் மாட்டியிருந்தார். அதனால் யாரும் உள்ளே போகவில்லை. அட்டை மாட்டி ரெண்டு நாள் ஆன பிறகு, அதை மீறிக் கதவைத் திறந்த பணிப்பெண்தான் பார்த்தார். அலையை எங்கேயும் அனுப்ப முடியும் என்று காட்டிய மனிதர், தான் இருக்கும் நிலையை யாருக்கும் தெரிவிக்காமல் போய்ச் சேர்ந்தார். சாம்பல் இன்று பெல்கிரேடில் அவர் பேரில் உள்ள அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1960-ல் காந்தப்பாய அடர்த்தியின் அலகுக்கு அவர் பேரை வைத்தார்கள்.

அந்தப் படகு நம்ம ஊருக்கு வந்தால்

இப்போ நம்ம கதைக்கு வருவோம். உங்க ஃபைனல் இயர் ட்ரோனின் கடைசி வரியை முதல் வரி ஆக்கணும்னா என்ன செய்யணும்? டெஸ்லா செய்யாமல் விட்டதைச் செய்யணும். ட்ரோனைச் செய்துவிட்டுப் பயனைத் தேடாதீங்க. தேவைப்படுகிறவரிடம் முதலில் போய்க் கேளுங்க.

தென்பெண்ணைக் கரை கிராமத்தில் போய்க் கேட்டால் அவர்கள் சொல்வது உங்க டிசைனையே மாற்றிவிடும். புயல் அடிக்கும்போது காற்றிலும் மழையிலும் சின்ன ட்ரோன் நிற்காது, அதனால் வேலை மழை விட்ட மறுநாள்தான். பேட்டரி இருபது முப்பது நிமிஷம்தான் தாங்கும், கரன்ட் இல்லாத ஊரில் எங்கே சார்ஜ் போடுவீங்க? செல் டவர் விழுந்திருக்கும், மொபைல் நெட்வொர்க்கை நம்பி வீடியோ அனுப்பினால் ஒன்றும் வராது. தெர்மல் கேமரா உடம்பின் சூட்டைப் பார்க்கும், ஆனால் தண்ணீருக்கு அடியில் பார்க்காது, அடர்ந்த தோப்புக்குள்ளும் சரியாகப் பார்க்காது. நம்ம ஊர் வெயிலில் மத்தியானம் தரையே 37 டிகிரிக்கு மேல் கொதிக்கும், மனிதர் தனியாகத் தெரியமாட்டார். விடியற்காலையிலும் இரவிலும்தான் நன்றாகத் தெரியும். கனடாக்காரர் குளிரில் கிடைத்த மாதிரி இங்கே கிடைத்துவிட மாட்டார்.

இன்னொன்று, பறக்கவிடுவது மட்டும் தேடல் ஆகாது. ஆள் கடைசியாக இருந்த இடம் தெரியணும், அங்கிருந்து ஏர் உழுகிற மாதிரி வரிசை வரிசையாகப் போகணும், பார்த்த இடத்தைக் குறித்துக்கொள்ளணும். கிடைத்த இடத்தின் ஆயத்தொலைவு படகுக்காரர் கைக்குப் போகணும். இந்தக் கடைசிக் கண்ணி இல்லை என்றால், மேலே பறந்தது நல்ல வீடியோ, அவ்வளவுதான்.

ஆர்வத்தில் வெள்ள நேரத்தில் நீங்களே தூக்கிக்கொண்டு கிளம்பிடாதீங்க. ஹெலிகாப்டர் தாழப் பறக்கிற இடத்தில் தெரியாத ஒரு ட்ரோன் பெரிய ஆபத்து. ட்ரோன் விதிகள் 2021-ஐ ஒரு முறை படிங்க, பதிவும் பயிற்சியும் யாருக்கு வேண்டும் என்று அதில் இருக்கிறது. மழைக்காலம் வருவதற்கு முன்பே துறை வழியாக மாவட்ட நிர்வாகத்திடம் பேசி, உங்க டீமின் பேர் அவர்கள் பட்டியலில் இருக்கும்படி பாருங்க. மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. வெள்ளத்தில் யாராவது சிக்கியிருப்பது தெரிந்தால் முதல் அழைப்பு அங்கேதான்.

ட்ரோன் செய்யாத நண்பர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த ரிசல்ட் நாளில் உங்க ஹாஸ்டல் வராண்டாவில் ஒரு ரவுண்டு போங்க. கதவைச் சாத்திக்கொண்டிருக்கும் ரூமைத் தட்டுங்க. பேசப் பிடிக்கவில்லை என்றால் டீ குடிக்கக் கூப்பிடுங்க. நிலைமை கனமாக இருந்தால் டெலி மானஸ் 14416 எந்த நேரமும் எடுக்கும், தமிழிலேயே பேசலாம். படிப்பை இழந்து, வீட்டுக்குப் பயந்து ஓடிய ஒருவனை மாரிபோரில் பார்த்த நண்பர் அதைச் சொல்லாமல் விட்டிருந்தால், அந்த அப்பா மகனின் முகத்தைப் பார்க்காமலேயே போயிருப்பார்.

அரியர் இருந்தாலும் வீட்டுக்குப் போன் பண்ணுங்க. ட்ரோன் தேட வேண்டிய நிலைமை வராம இருக்கட்டும்.